பச்சைத் தொட்டிக்குள் ஒரு பட்டினி: பாசி தின்னும் கடல்மீனை வளர்ப்பது பற்றி

பாறையின் மேல் துடுப்புகளை ஊன்றி உட்கார்ந்திருக்கும் லான்மோவர் பிளெனியைப் பத்து நிமிடம் விடாமல் பாருங்கள். இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழன்றுகொண்டிருக்கும். சட்டென்று தலையைச் சாய்த்து, தடித்த உதட்டைப் பாறையில் அழுத்தி ஒரு தேய்ப்பு. ஒரு துள்ளல், அடுத்த இடம், மறுபடி ஒரு தேய்ப்பு. கண்ணாடிப் பக்கம் வந்தால், அதில் படிந்திருக்கும் பச்சைப் படலத்தில் உதட்டின் அச்சு பிறை பிறையாகப் பதிந்துவிடும். காலையில் விளக்கு எரிந்ததும் அந்தத் தடங்களை எண்ணிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

இதே இனத்தைச் சேர்ந்த மீன் ஒன்று, நான் பவளத் தொட்டி வைத்த முதல் ஆண்டில், பாசி மண்டிக் கிடந்த தொட்டிக்குள் பட்டினியால் செத்துப்போனது. பாறையெங்கும் விரல் நீளத்துக்கு நூல்பாசி ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தின்பதற்கென்றே மீனை வாங்கி விட்டிருந்தேன். இவ்வளவு தீனி இருக்கும்போது தனியாக எதற்கு உணவு என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் மேலிருந்து பார்த்தபோது தலை மட்டும் அகலமாகத் தெரிந்தது. பின்னால் உடல் குச்சியாகச் சுருங்கியிருந்தது. அடுத்த சில நாட்களில் பாறை இடுக்கிலிருந்து அது வெளியே வரவில்லை. புல்வெளி நடுவே மாடு பட்டினியால் செத்தது என்று யாராவது சொன்னால் நம்புவோமா? ஆனால் அதுதான் நடந்தது. ஏன் நடந்தது என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். பாசியை ஒழிக்க மீன் வாங்கலாமா என்று யோசிக்கிற எவருக்கும், மீனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் துறையில் ‘டேங்’ என்றால் பாசி மேயும் ஒரு மீன் வகை (சர்ஜன் மீன்), ‘டேங்க்’ என்றால் தொட்டி. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அதனால் அந்த வகை மீனை மட்டும் டேங் என்கிறேன். நீர் நிற்பதைத் தொட்டி என்றே சொல்கிறேன்.

பாசி என்பது ஒன்றல்ல

‘பாசி’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எத்தனையோ உயிர்களை அடைத்து வைத்திருக்கிறோம். புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் மணல்மேல் பழுப்பாகப் படிவது டயாட்டம். சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானாகவே போய்விடும். கண்ணாடியில் தூசிபோல் படிவது படலப்பாசி. நூலாக, முடியாக நீள்வது டெர்பீசியா போன்ற நூல்பாசிகள். அதே நூல் இறகுபோல் இருபுறமும் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ். இது வேறு கதை, மிகப் பிடிவாதமானது. பச்சை முத்துகளைப்போல் பாறை இடுக்கில் திரள்வது குமிழ்ப்பாசி. அந்த ஒவ்வொரு முத்தும் ஒரே ஒரு செல்! சிவப்பாகவோ கருநீலமாகவோ பிசுபிசுப்பான போர்வைபோல் மணலை மூடுவது பாசியே அல்ல, அது சயனோபாக்டீரியா. பழுப்பு நிறச் சளிபோல் நூல் விட்டு, நூலின் நுனியில் காற்றுக்குமிழ் தாங்கி நிற்பது டைனோஃபிளஜெல்லேட். இதில் சில வகைகள் நஞ்சுள்ளவை. மேயும் நத்தைகளையே கொன்றுவிடும்.

கடைசியாகச் சொன்ன இரண்டையும் எந்த மீனும் தின்று தீர்க்காது. ஆனால் ‘தொட்டியில் பாசி’ என்று சொல்லி மீன் வாங்குபவர்களில் பலருக்கு இருக்கும் தொல்லை இந்த இரண்டில் ஒன்றுதான். அங்கே மீன் தீர்வாகாது. நோயைத் தவறாகக் கணித்துவிட்டுக் கொடுக்கும் மருந்துபோலத்தான். டைனோவைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் விசித்திரமானது. பாசிக்குச் சத்தாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக இல்லாமல் போன தொட்டிகளில்தான் அது அதிகமாகத் தலைதூக்குகிறது. பாசிக்குப் பயந்து நீரைத் துடைத்து வைத்தவருக்கு வரும் தொல்லை அது.

எனவே முதலில் பாறையிலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்து வெள்ளைத் தட்டில் போட்டுப் பாருங்கள். நூலா, இறகா, முத்தா, சளியா? அது தெரிந்தபிறகுதான் எந்த வாய் வேண்டும் என்ற கேள்வியே வருகிறது.

வாயைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

லான்மோவர் பிளெனி என்று பெயர் வைத்தவர் நமக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டார். புல்வெட்டும் இயந்திரம் என்றதும், நீண்ட புல்லை வெட்டித் தள்ளும் மீன் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அதன் வாயில் இருப்பது வெட்டும் பல்லல்ல. உதட்டோரம் நெருக்கமாக நிற்கும் மெல்லிய, அசையக்கூடிய சீப்புப் பற்கள். சீப்பு வாரும், வெட்டாது. பாறையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தையும், அதில் சிக்கியிருக்கும் மக்கிய துகள்களையும், நுண்ணுயிர்களையும் சேர்த்து வாரித் தின்கிற மீன் அது. விரல் நீள நூல்பாசி அதன் வாய்க்கு உணவே அல்ல. உணவை மறைத்து நிற்கும் புதர். என் மீன் பட்டினி கிடந்ததற்கு இதுதான் காரணம். பாறையைப் பாசி முழுக்க மூடியதால், அது வாரித் தின்னக்கூடிய வெற்றுப்பரப்பு எங்குமே மிச்சமில்லை.

டேங் மீன்களிலும் இதே வேறுபாடு உண்டு. கோலே டேங் சேர்ந்திருக்கும் பேரினத்தின் பெயருக்கே ‘சீப்பு மயிர்’ என்று பொருள். மெல்லிய, வளையும் பற்கள். படலத்தையும் துகளையும் வாருவதில் அதை மிஞ்ச ஆளில்லை. நூல்பாசியைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். மஞ்சள் டேங்குக்கு நீண்ட மூக்கு, நுனியில் விளிம்பு வெட்டுப்பட்ட தட்டையான பற்கள். அது நூலைக் கவ்விப் பிய்க்கும். பாறையின் இடுக்கில் வாயை நுழைத்து ஒவ்வொரு இழையாக இழுப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓரா மீன் குடும்பத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸுக்கு முயலைப்போன்ற வாய், கடித்து மெல்லும். தடித்த இலைப்பாசிகளையும், சில மீன்கள் குமிழ்ப்பாசியையும்கூடத் தின்னும். ‘சில மீன்கள்’ என்று அழுத்திச் சொல்கிறேன். ஒரே இனத்தில் ஒன்று குமிழைத் தேடித் தேடித் தின்னும், மற்றொன்று திரும்பியும் பார்க்காது. நாசோ டேங் பழுப்புப் பாசிகளை விரும்பித் தின்னும். ஆனால் அரை மீட்டர் நெருங்க வளரக்கூடிய அந்த மீனை வீட்டுத் தொட்டியில் வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மேய்ச்சலுக்கும் காடு வெட்டுதலுக்கும் உள்ள தூரம்

சரியான வாயுள்ள மீனே கிடைத்தாலும், மண்டிவிட்ட பாசியை அது தின்று தீர்க்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. இதைக் கடலே இரண்டு முறை பெரிய அளவில் காட்டியிருக்கிறது.

1983இல் பனாமா கால்வாயின் கரீபியன் முனையை ஒட்டி, நீண்ட கரிய முட்களையுடைய டயடீமா கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. ஓராண்டு கடந்தபோது அந்த நோய் கரீபியன் கடல் முழுவதும் பரவி, பெரும்பாலான இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட முள்ளெலிகளை அழித்துவிட்டது. ஜமைக்காவில் ஏற்கெனவே அளவுக்கு மீறிய மீன்பிடிப்பால் பாசி தின்னும் மீன்கள் அருகிவிட்டிருந்தன. 1980இல் வீசிய ஆலன் சூறாவளி பவளங்களை நொறுக்கியிருந்தது. மேய்வதற்கு மிச்சமிருந்தவை அந்த முள்ளெலிகள்தாம். அவையும் போனதும் பாசி பாறையை எடுத்துக்கொண்டது. 1970களின் பிற்பகுதியில் அங்கே பாறைப்பரப்பில் பாதிக்கும் மேல் பவளம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் நடந்த ஓர் ஆய்வு. ஆராய்ச்சியாளர்கள் பவளப்பாறையின் சில பகுதிகளைக் கூண்டு போட்டு மூடி, பெரிய மீன்கள் நுழையாதபடி சில ஆண்டுகள் வைத்திருந்தார்கள். உள்ளே சர்காசம் என்னும் பழுப்புப் பாசி காடாக வளர்ந்தது. பிறகு கூண்டை அகற்றிவிட்டு, யார் வந்து தின்கிறார்கள் என்று கேமரா வைத்துப் பார்த்தார்கள். கிளிமீன்களும் டேங் வகைகளும் அந்தப் பகுதியில் ஏராளம். அவை வந்தன, பார்த்தன. காட்டைப் பெரிதாகத் தொடவில்லை. சில வாரங்களில் அதைத் தின்று வெளுத்தது பேட்ஃபிஷ் என்னும் வௌவால் வடிவ மீன். அது பாசி தின்னும் என்று யாருமே கணக்கில் வைத்திருக்கவில்லை! 2006இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்தபோது எனக்கு என் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. புல்லைக் குட்டையாக வைத்திருக்கிற மீன் வேறு. புதராக வளர்ந்துவிட்டதை மீட்டுத் தருகிற மீன் வேறு. நாம் வாங்குகிற மீன்கள் ஏறத்தாழ எல்லாமே முதல் வகையைச் சேர்ந்தவை.

எனவே காடு வெட்டும் வேலை நம்முடையது. எடுக்க முடிந்த கற்களை வெளியே எடுத்து, தொட்டி நீரிலேயே பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். எடுக்க முடியாத இடத்தில் விரலால் பிடுங்கி, குழாயால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். பிடுங்கியதைத் தொட்டிக்குள் மிதக்க விட்டால் அது வேறோர் இடத்தில் வேர்கொள்ளும். நகக்கண் அளவுக்குக் கீழே பாசி குட்டையான பிறகு மீனை விட்டால், புதிதாக முளைக்கும் மெல்லிய இழைகளை அது அன்றன்றைக்கே தின்னும். பல மாதங்கள் மீன் எட்டிப் பார்க்காத பாறையை, கையால் ஒருமுறை களையெடுத்த மறுநாளே அது மேய்வதை நான் கண்டிருக்கிறேன்.

தின்ற பாசி எங்கே போகிறது?

மீன் பாசியைத் தின்பதால் தொட்டியிலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை. பாசியில் இருந்த நைட்ரஜன் மீனின் செவுள் வழியாக அம்மோனியாவாகத் திரும்பவும் நீருக்கே வருகிறது. பாஸ்பரஸ் பெரும்பகுதி கழிவாக விழுகிறது. மீனின் உடலில் தங்குவது சிறு பங்குதான். சரக்கு கைமாறுகிறது, கிடங்கை விட்டுப் போகவில்லை.

இதில் நன்மையே இல்லையென்று சொல்லமாட்டேன். நீண்ட இழையாகப் பவளத்தின் மேல் சாய்ந்து அதை மூச்சடைக்கச் செய்த சத்து, இப்போது துகளாகவும் அம்மோனியாவாகவும் மாறுகிறது. துகளை, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவி பிடிக்கும், வடிகட்டித் துணி பிடிக்கும். அம்மோனியாவைப் பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தத் துணியை நாம் மாற்ற வேண்டும், ஸ்கிம்மர் குவளையை நாம் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அதே சத்து இன்னொரு மூலையில் பாசியாக எழும்.

பாசியைப் பாசியாலேயே வெளியேற்றும் வழி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஏடி என்ற அறிவியலாளர், ஒரு வலைப்பரப்பில் பாசியை வேண்டுமென்றே வளர்த்து, அவ்வப்போது சுரண்டி எடுத்து எறிவதன் மூலம் நீரைச் சுத்தமாக்கும் முறையை உருவாக்கினார். இன்று பலர் சம்ப் எனப்படும் துணைத் தொட்டியின் ஓர் அறையில் விளக்கு வைத்து, கம்பிச்சுருள் போன்ற கீட்டோ பாசியை வளர்த்து மாதாமாதம் ஒரு பிடி பிடுங்கி எறிகிறார்கள். கருத்து ஒன்றுதான். பிடுங்கி எறியும்போது மட்டுமே சத்து உண்மையில் வீட்டை விட்டுப் போகிறது.

அளவுகளைப் பொறுத்தவரை, நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் இருந்தால் பெரும்பாலான பவளங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் சோதனையில் பாஸ்பேட் குறைவாகக் காட்டியும் பாசி தளதளவென்று வளர்கிறது என்றால் ஏமாற வேண்டாம். அளப்பதற்கு முன்பே பாசி அதைத் தின்றுகொண்டிருக்கிறது. அல்லது உலர்ந்த நிலையில் வாங்கித் தொட்டியில் வைத்த பாறைகள் தம்முள் இருந்த பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. அது அடங்க மாதங்கள் ஆகும். பொறுமையாகக் களையெடுப்பதைத் தவிர அந்தக் காலத்தில் வேறு குறுக்கு வழி இல்லை.

குடலில் குடியிருப்பவர்கள்

பாசி சத்துக் குறைந்த உணவு. கடினமான செல்சுவரை உடைத்து, உள்ளே இருக்கும் கொஞ்சத்தை எடுக்க, மீனுக்கு நீண்ட குடலும் துணைக்கு ஆட்களும் வேண்டும். 1985இல் செங்கடலில் பிடித்த பழுப்பு டேங் மீனின் குடலுக்குள் ஆராய்ச்சியாளர்கள் விசித்திரமான ஓர் உயிரைக் கண்டார்கள். ஒரே செல், ஆனால் அரை மில்லிமீட்டரையும் தாண்டிய நீளம், வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். இவ்வளவு பெரிதாக இருப்பது பாக்டீரியாவாக இருக்க முடியாது என்றே முதலில் நினைத்தார்கள். 1993இல் மரபணுச் சான்று அது பாக்டீரியாதான் என்று காட்டியது. அதற்கு வைத்த பெயர் எபுலோபிசியம். ‘மீனின் விருந்துக்கு வந்த விருந்தாளி’ என்று பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

வளர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி எளிமையானது. இப்படிப்பட்ட குடல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும். காலை ஒரு பிடி, மாலை ஒரு பிடி என்று போடும் வழக்கம் இறைச்சி தின்னும் மீனுக்குப் பொருந்தும். மேய்கிற மீனுக்குப் பொருந்தாது. கடலில் டேங் மீன் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கடித்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்து, போக்குவரத்தில் பல நாட்கள் வயிறு காய வைத்து, அதன் பிறகு நம்மிடம் கொடுக்கிறார்கள். வரும்போதே அது கடனில் வருகிறது.

என்ன கொடுப்பது? உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேராத நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாள்தான் அடிப்படை. பச்சை, பழுப்பு, சிவப்பு நிறப் பாசிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. லெட்யூஸ் போன்ற நிலத்துக் கீரைகளை அவசரத்துக்கு வைக்கலாம். கடற்பாசியில் இருக்கிற அயோடினும் கொழுப்பமிலங்களும் அவற்றில் இல்லை. நோரியை ஒரு கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். பிளெனிக்கு இது சரிப்படாது. அதற்குக் காற்றுப்பை இல்லாததால் நீர்நடுவே நின்று கொத்தாது. நோரியை ஒரு சிறு கல்லில் ரப்பர் வளையத்தால் சுற்றி, அது வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பாசித்தூள் கலந்த மூழ்கும் குருணையும் அதற்குப் பழகும்.

உணவு போட்டால் பாசியைத் தின்னாதே என்று பலர் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் பார்த்தவரையில் நடப்பது நேர்மாறு. வயிறு நிரம்பிய டேங்குக்குத் தொட்டி முழுக்கச் சுற்றி மேயும் தெம்பு இருக்கிறது. பட்டினி கிடப்பது மூலையில் ஒடுங்குகிறது. அதைவிட முக்கியமாக, பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும். பவளத்தைத் தொடாத மீன் என்று பெயரெடுத்த ஃபாக்ஸ்ஃபேஸ், பசித்தால் சோவாந்திட் என்னும், பவளத்துக்கு உறவான உயிரிகளின் மொட்டுகளைக் கொத்தும். பிளெனி, பவளத்தின் தோலையும் ராட்சதச் சிப்பியின் உதட்டையும் உரசத் தொடங்கும்.

மீன் நலமா என்று அறிய வயிற்றைப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிதாகத் தெரிவது டேங்கின் இயல்பு. ஆனால் கண்ணுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிய சதை உள்வாங்கிக் குழிவிட்டிருந்தால் அது நெடுநாள் பட்டினி. வயிறு மட்டும் ஒட்டியிருந்தால் சில நாள் பட்டினி, மீட்டுவிடலாம். கழிவு பச்சையாக விழுந்துகொண்டிருந்தால் மேய்ச்சல் நடக்கிறது. வெண்மையாக நூல்போல் தொங்கினால் குடலில் ஏதோ சரியில்லை.

தலையிலும் பக்கக் கோட்டிலும் தோல் அரித்துக் குழிவிழும் ஒரு கோளாறு டேங் மீன்களுக்கு அடிக்கடி வரும். ஊட்டக்குறைவே காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, வடிகட்டியில் போடும் பழுப்பு நிலக்கரி வகைக் கரியின் நுண்தூசியே இதை உண்டாக்க முடியும் என்று அட்லாண்டிக் டேங் மீன்களில் காட்டியது. கரி பயன்படுத்துகிறவர்கள் நன்றாகக் கழுவிவிட்டுப் போடுங்கள். எளிதில் பொடியாகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இடம், நோய், முள்

பிளெனி அதிகபட்சம் 14 சென்டிமீட்டர்; நூறு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட, பாறை நிறைந்த, சில மாதங்களாவது பழகிய தொட்டி போதும். கோலே டேங் 18, மஞ்சள் டேங் 20, ஃபாக்ஸ்ஃபேஸ் 24 சென்டிமீட்டர் வரை வளரும். இவற்றுக்கு லிட்டர் கணக்கைவிட நீளம்தான் முக்கியம். டேங் வகைகளுக்கு 120 சென்டிமீட்டருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். ஃபாக்ஸ்ஃபேஸுக்கு அதைவிடவும் நீளம் வேண்டும். இவை நாள் முழுக்க நீந்துகிற மீன்கள். வலுவான நீரோட்டமும் நிறைய ஆக்சிஜனும் கேட்பவை. சின்னதாக இருக்கும்போது வைத்துவிட்டுப் பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; மாற்றியவர்கள் குறைவு.

மஞ்சள் டேங்கைத் தொட்டியில் கடைசியாகச் சேர்க்க வேண்டும். முதலில் வந்துவிட்டால் மொத்த இடமும் தனது என்று அது முடிவுசெய்துவிடும். பிறகு வருகிற, தன்னைப்போன்ற உருவமுள்ள எதையும் ஓட ஓட விரட்டும். வாலின் அடியில் இருபுறமும் அதற்கு ஒரு கத்தி உண்டு. சர்ஜன் மீன் என்ற பெயரே அதனால் வந்தது. மற்ற மீனைக் கிழிக்கும், வலையில் சிக்கிக்கொள்ளும், நம் கையையும் வெட்டும். வலைக்குப் பதிலாக ஒரு டப்பாவில் நீரோடு முகந்து எடுப்பதே இருவருக்கும் நல்லது. ஃபாக்ஸ்ஃபேஸுக்கு முதுகில் 13, அடித்துடுப்பில் 7, இடுப்புத் துடுப்புகளில் 4 என்று மொத்தம் 24 நச்சுமுட்கள். அது தானாக வந்து தாக்காது. பாறையை நகர்த்தும்போது நம் கைதான் போய்ப் படும். குத்தினால், தோல் வெந்துவிடாத, தாங்கக்கூடிய சூட்டில் உள்ள நீரில் கையை மூழ்க வைத்தால் வலி தணியும். வீக்கம் பரவினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரவில் இந்த மீன் மஞ்சள் நிறத்தை இழந்து பழுப்புத் திட்டுகளோடு செத்ததுபோல் பாறையில் சாய்ந்திருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறிவிடுகிறார்கள், அது தூக்கம்தான்.

நோயென்றால் கிரிப்டோகாரியான், அதாவது கடல்மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய். டேங் மீன்களை முதலில் பிடிப்பது இதுதான். உடலில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். சில நாட்களில் மறைந்துவிடும். குணமாகிவிட்டது என்று மகிழ்வது பெரும் பிழை. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பெருகிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை அது எழும்போது பல மடங்காக எழும். அதைக் கொல்லும் செம்பு மருந்து பவளத்தையும் நத்தையையும் சேர்த்தே கொல்லும் என்பதால் பவளத் தொட்டியில் அதை ஊற்றவே முடியாது. ஆகவே மீன் வந்ததும் தனித் தொட்டியில் நான்கு வாரமாவது வைத்துக் கவனித்து, சாப்பிடப் பழக்கி, தேவையானால் அங்கேயே மருந்து கொடுத்துவிட்டுத்தான் பவளத்தோடு சேர்க்க வேண்டும். முதன்மைத் தொட்டிக்குள் நோய் நுழைந்துவிட்டால் எல்லா மீன்களையும் வெளியேற்றி, அதைச் சுமார் 76 நாட்கள் மீனில்லாமல் வைப்பதே அனுபவசாலிகள் பின்பற்றும் வழி. பத்து நிமிடப் பொறுமையின்மை இரண்டரை மாதத்தைத் தின்றுவிடும்.

எங்கிருந்து வருகிறது, எவ்வளவு காலம் இருக்கும்

உலகத் தொட்டிகளில் இருந்த மஞ்சள் டேங்குகளில் பெரும்பகுதி நீண்டகாலம் ஹவாய்த் தீவுகளிலிருந்தே வந்தது. அங்குள்ள ஹவாய் என்னும் பெரிய தீவின் மேற்குக் கரையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட பகுதியை 1999இன் முடிவில் இந்த வகை மீன்பிடிப்புக்கு மூடினார்கள். 2017இல் ஹவாய் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் இதற்கு உரிமம் கொடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2015இல், அங்குள்ள ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் மஞ்சள் டேங்கை முட்டையிலிருந்து முழு மீனாகத் தொட்டியிலேயே வளர்த்துக் காட்டியது. பல ஆண்டுகள் தோற்றுத் தோற்றுக் கிடைத்த வெற்றி அது. குஞ்சின் வாய் அவ்வளவு சிறியது என்பதால் வழக்கமான குஞ்சுத்தீனி எதுவும் அதற்குள் போகவில்லை. கோப்பிபாட் என்னும் மிகச்சிறிய ஓட்டுயிரியின் அன்றே பொரித்த குஞ்சுகளைப் பெருமளவில் வளர்த்து ஊட்ட வேண்டியிருந்தது. இன்று தொட்டியில் பிறந்த மஞ்சள் டேங்குகள் வணிக அளவில் கிடைக்கின்றன. அவை சிறு வயதிலிருந்தே மனிதர் தரும் உணவுக்குப் பழகியவை. தேர்வு நம் கையில் இருக்கும்போது நான் இவற்றையே தேர்வேன்.

வயதைச் சொல்லாமல் விட்டால் சொன்னது முழுமையாகாது. ஹவாய்க் கடலில் மஞ்சள் டேங்குகளின் காதெலும்பு வளையங்களை எண்ணியவர்கள் 41 வயது வரையுள்ள மீனைக் கண்டிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் அடங்கிவிடும் நூல்பாசிக்காக வாங்குகிற உயிர் அது. தொட்டி சுத்தமானபின் பாறையில் அதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அன்றுமுதல் அதன் மொத்த உணவும் நம் விரல் நுனியிலிருந்துதான் வர வேண்டும். மீன் வேண்டாம், பாசி போனால் போதும் என்று நினைப்பவர்களுக்கு டர்போ, டிராக்கஸ் நத்தைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் தீனி வேண்டும் என்றாலும், நீந்த 120 சென்டிமீட்டர் கேட்கமாட்டா.

என்னிடம் இப்போது இருக்கும் பிளெனி வந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிறது. தனித் தொட்டியில் இருந்தபோது முதல் ஆறு நாட்கள் எதையும் தொடவில்லை. முதன்மைத் தொட்டியிலிருந்து படலம் படிந்த கற்களை நாளுக்கு ஒன்றாக எடுத்துவைத்து, தேய்த்துத் தின்றதும் திருப்பி எடுத்து, வேறொன்றை வைத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் ஒரு கல்லின் மேல் நோரியைச் சுற்றி வைத்தேன். அரைமணி நேரம் அதை ஒரு கண்ணாலும் என்னை மற்றொரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு துள்ளி வந்து, உதட்டை வைத்து, ஒரு தேய்ப்பு. தாளில் பிறை வடிவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது.